இரண்டு தந்திகளுக்குள் ஒரு வயலின்

அத்தியாயம் பதினான்கு

"எலும்பு கூடிடுச்சும்மா. நரம்புதான் கூடலை. இதுக்கு மேல எதிர்பார்க்காதீங்க" என்று டாக்டர் சொன்னதோடு போன வாரம் நிறுத்தியிருந்தோம்.

வாத்தியாரம்மா அங்கேயே உடைந்து அழுவாள் என்று நினைத்தவர்கள் ஏமாந்திருப்பார்கள். அவள் "சரிங்க டாக்டர்" என்றாள், இடது கையைச் சால்வைக்குள் இழுத்துக்கொண்டாள், எழுந்து வந்துவிட்டாள். அழுகையை வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணம். வீட்டுக்கு வந்தால் ஊறப்போட்ட துணி காத்திருந்தது. அழுகை இன்னொரு நாளைக்குத் தள்ளிப்போனது.

குளியலறையில் வழுக்கி விழுந்து முழங்கை உடைந்த கதையைத் திரும்பச் சொல்ல வேண்டாம். மிச்சம் இதுதான்: இடது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் உள்ளே மடங்கிக் கிடக்கின்றன. கிள்ளினாலும் தெரிவதில்லை. வயலின் தந்தியை அழுத்த நான்கு விரல் வேண்டும், அவளிடம் இரண்டுதான் இருக்கின்றன. வில் பிடிக்கிற வலது கைக்கு ஒரு கீறல்கூட இல்லை. அது இன்னும் ஒவ்வொரு சாயங்காலமும் வேலைக்குக் கிளம்பத் தயாராக இருந்தது.

அந்தச் சனிக்கிழமை காலையில் அவள் சீக்கிரமே எழுந்து நகம் வெட்ட உட்கார்ந்தாள். வாசிக்கிறவர்களுக்கு இடது கை நகம் வளரவே கூடாது. அந்தப் பழக்கத்தில் செத்த விரல்கள் இரண்டுக்கும் சேர்த்து ஒட்ட வெட்டி முடித்த பிறகுதான், எதற்கு வெட்டினோம் என்று தோன்றியது. வெட்டினது வெட்டினதுதான் என்று குப்பையைக் கூட்டி எடுத்தாள்.

"வாத்தியாரம்மா, கிளம்பலாமா?" என்று உள்ளே வந்தார் அவள் கணவர்.

அவளுக்கு அந்தப் பெயரை வைத்தவரே அவர்தான். அவள் யாருக்கும் பாடம் எடுத்ததில்லை. ஆனால் அவர் கூடத்தில் கிட்டாரைத் தொட்டால் சமையலறையிலிருந்து "மூணாவது தந்தி இறங்கியிருக்கு" என்று குரல் வரும். கல்யாணமான புதிதில் அவருக்கு அது சுருக்கென்று தைத்தது. பிறகு அவர் தந்தியைச் சரிபார்ப்பதையே விட்டுவிட்டார், அதற்குத்தான் ஆள் இருக்கிறதே என்று.

கிட்டார்காரர் அன்றைக்கு முகச்சவரம் செய்து, கச்சேரிச் சட்டை போட்டிருந்தார். கடைக்குப் போவதற்கு எதற்கு இந்தச் சட்டை என்று கேட்க வாயெடுத்தவள், தானும் கச்சேரிக்குப் போடும் நீல உடுப்பில்தான் நிற்கிறோம் என்று கவனித்துப் பேசாமல் இருந்தாள்.

விஷயம் இதுதான். ஊரின் பெரிய ஹோட்டலில், மேல்மாடிச் சாப்பாட்டுக் கூடத்தின் மூலையில், கண்ணாடிச் சுவருக்கும் பூந்தொட்டிக்கும் நடுவில் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் கிட்டார், ஒன்றில் வயலின். வருஷக்கணக்காக அதுதான் அவர்கள் பிழைப்பு, அதுதான் அவர்கள் குடும்பம் நடத்திய இடமும். யாரும் கைதட்டுவதில்லை. நிறுத்தினால் மட்டும் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். அவள் விழுந்த நாளிலிருந்து இரண்டு நாற்காலிகளும் காலியாக இருந்தன.

இப்போது அவர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். கிட்டாரிலேயே வயலின் ஒலியை வரவழைக்கும் கருவி.

"நான் வாசிப்பேன். நீ பக்கத்துல உக்காந்து அந்தக் கருவியை ஓட்டணும். எந்த எடத்துல வயலின், எவ்வளவு சத்தம், எல்லாம் உன் கையில. நாற்காலி எங்கயும் போகலை, புரியுதா?" என்று ஒரு வாரமாகச் சொல்லிச் சொல்லி அவளை நம்பவைத்திருந்தார். அந்த ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டுதான் அவள் அந்த வாரம் முழுவதும் சாப்பிட்டாள், தூங்கினாள்.

வாசலில் கார் ஹாரன் அடித்தது. பாப்பா.

பாப்பா என்றால் கைக்குழந்தை இல்லை, அவர்கள் மகள். பல் டாக்டர். தனி க்ளினிக் வைத்திருக்கிறாள், அவள் கையால் பல்லை இழந்தவர்கள் பாதி ஊர். இருந்தாலும் வீட்டில் பாப்பாதான். வலிக்காது என்று சொல்லிக்கொண்டே பிடுங்கிவிடுகிற சாமர்த்தியம் அவளுக்கு உண்டு. அன்றைக்கு அவள் வழக்கமான வாயாடித்தனம் இல்லாமல், ரோட்டையே பார்த்து வண்டி ஓட்டினாள்.

"என்னடி, பேச்சையே காணோம்?" என்றாள் அம்மா.

"ஒண்ணுமில்லம்மா. நேத்து ஒரு பேஷன்ட் கொஞ்சம் படுத்திட்டாரு."

கிட்டார்காரர் முன் சீட்டில் கிட்டார் உறையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

*

சைக்கிள் கடைக்கு மேலே மாடியில் இருந்தது அந்த வாத்தியக் கடை. சுவர் முழுக்கக் கிட்டார்கள், தரை முழுக்க ஒயர்கள். கடைக்காரம்மா மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு, அதையே மேஜை மேல் தேடிக்கொண்டிருந்தாள்.

"வீட்ல ரெக்கார்டிங் பண்றதுக்கா, மேடைக்கா?"

"மேடைக்கு" என்றார் கிட்டார்காரர்.

"கம்பித் தந்திதானே? நைலான்னா இது வேலைக்கு ஆகாது."

"கம்பிதான்."

கிட்டாரை வாங்கிப் பார்த்து, தந்திகள் வந்து முடியும் இடத்துக்குப் பக்கத்தில், அவற்றுக்கு அடியில், ஒரு மெல்லிய கறுப்புப் பட்டையை ஒட்டினாள் கடைக்காரம்மா. "இதுல ஆறு காது இருக்கு சார். ஒவ்வொரு தந்திக்கும் ஒண்ணு. நீங்க எந்தத் தந்தியில என்ன வாசிக்கறீங்கன்னு தனித்தனியா கேட்டு உள்ள சொல்லும். உள்ள இருக்கறது அதையே வயலினா மாத்திக் குடுக்கும்."

"எல்லாத் தந்தியுமே வயலினாயிடுமா?"

"வேணாம். தடிச்ச தந்தி மெதுவா ஆடும், என்ன சுரம்னு புரிஞ்சுக்க அதுக்கு நேரம் பிடிக்கும். மெல்லிசு தந்தி டக்குனு சொல்லிடும். கடைசி ரெண்டு தந்தியை மட்டும் வயலினுக்குக் குடுத்துடுவோம். மத்த நாலும் கிட்டாராவே இருக்கட்டும். ஒரே ஆளு ரெண்டு வாத்தியம்."

ஒரே ஆள் என்ற சொல் வாத்தியாரம்மாவின் காதில் விழுந்தது. கடைக்காரி பேச்சு, வாய்க்கு வந்ததைச் சொல்வாள் என்று விட்டுவிட்டாள்.

"வயலின் வாசிக்கறவங்க யாராச்சும் தெரியுமா சார்? சத்தம் சரியா இருக்கான்னு அவங்க கேட்டுச் சொன்னா நல்லது. கிட்டார் வாசிக்கறவங்களுக்கு அது அவ்வளவா பிடிபடாது."

கிட்டார்காரர் தொண்டையைச் செருமினார். "இவங்கதான்" என்று பக்கத்தில் கை காட்டினார்.

கடைக்காரம்மா அவளைப் பார்த்தாள், சால்வைக்கு வெளியே தெரிந்த விரல்களைப் பார்த்தாள். மூக்குக்கண்ணாடியைக் கண்டுபிடித்துப் போட்டுக்கொண்டு, "உக்காருங்கம்மா" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

இரண்டு வகை இருந்தன. முதல் வகையில் கிட்டாரிலிருந்து வரும் ஒயர் ஒரு லேப்டாப்புக்குப் போகிறது. ஒருவர் வாசிக்க, இன்னொருவர் லேப்டாப்பின் பக்கத்தில் உட்கார்ந்து ஒலியை மாற்றவேண்டும், ஒரு சிறிய கட்டையை மேலும் கீழும் நகர்த்தி ஏற்றி இறக்கவேண்டும்.

"வில்லுன்னு வெச்சுக்குங்கம்மா. மேல தள்ளினா அழுத்தம், கீழ இழுத்தா லேசு."

வாத்தியாரம்மா வலது கையை அதன் மேல் வைத்தாள். கணவர் மெல்லிசுத் தந்தியை மீட்டினார். அவள் கட்டையை மெல்ல மேலே தள்ளினாள். எங்கிருந்தோ ஒரு வயலின் எழுந்தது. மணிக்கட்டு தானாகத் தளர்ந்தது, தோள் இறங்கியது. அவர் இன்னொரு சுரத்துக்குப் போனார், அவள் கூடவே போனாள். ஒலி வளர்ந்தது, தேய்ந்தது, அவள் சொன்னபடி கேட்டது.

அவள் சிரித்துவிட்டாள். வாய்விட்டு, கடையில் இருந்த மற்றவர்கள் திரும்பிப் பார்க்கும்படி. விழுந்த நாளிலிருந்து அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை. பாப்பா சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பி ஒரு கிட்டாரின் விலையைப் படிப்பதுபோல் நின்றாள்.

அவர் வேகம் கூட்டினார். அப்போதுதான் அவளுக்குக் கேட்டது.

விரல் தந்தியை விட்ட பிறகு, ஒரு மூச்சு கழித்துத்தான் வயலின் வந்தது. மெதுவாக வாசித்தபோது தெரியாமல் இருந்தது, வேகம் ஏற ஏற வெளியூர்க்காரரோடு சிக்னல் இல்லாத போனில் பேசுவதுபோல் ஆகிவிட்டது. இவர் ஒன்றைச் சொல்லி அடுத்ததற்குப் போய்விடுகிறார், அது இன்னும் முதல் வார்த்தையில் நிற்கிறது.

"இது பழைய லேப்டாப். புதுசு போட்டா இன்னும் குறையும்" என்றாள் கடைக்காரம்மா. "ஆனா சுத்தமா போயிடும்னு சொல்ல மாட்டேன்."

"பிரமாதம்" என்றார் கிட்டார்காரர். "பிரமாதம்ங்க!"

வாத்தியாரம்மா அவரைப் பார்த்தாள். அவருக்கு ஒன்று உண்மையிலேயே பிடித்திருந்தால் பேச மாட்டார், தலையை ஆட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போவார். இரண்டு தடவை பிரமாதம் சொன்னால் அது பொய். அவள் செய்த முதல் சமையலுக்கு அப்படித்தான் சொன்னார். அந்தப் பொய் அன்றைக்கு அவளுக்கு இனித்தது. கட்டையிலிருந்து கையை எடுக்க மனமில்லாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"இன்னொண்ணையும் பாத்துடுங்க. பாக்கறதுக்குக் காசா பணமா" என்று கடைக்காரம்மா ஒரு இரும்புப் பெட்டியைத் தரையில் வைத்தாள்.

இரண்டாவது வகை இதுதான். லேப்டாப் கிடையாது. பெட்டி காலடியில் கிடக்கும். ஒலி மாற்ற ஒரு மிதி, ஏற்றி இறக்க ஒரு பெடல். எல்லாம் வாசிக்கிறவரின் கால் வேலை.

ஒவ்வொரு தந்தியையும் மெதுவாகவும் அழுத்தியும் மீட்டச் சொல்லி, பெட்டிக்கு அவர் கையைப் பழக்கினாள் கடைக்காரம்மா. நடுவில் அவருடைய சட்டைக் கை தந்தியில் உரசியது. பெட்டி அதையும் சுரம் என்று நினைத்து, வாலை மிதித்த பூனை மாதிரி வீறிட்டது. எல்லாரும் சிரித்தார்கள். கச்சேரிச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டார் அவர்.

பிறகு சுரவரிசை வாசித்தார். விரல் விட்ட இடத்தில் வயலின் நின்றது. முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

"எப்படிம்மா இருக்கு?" என்று கடைக்காரம்மா அவளைத்தான் கேட்டாள்.

காது பொய் சொல்லாது, அவளுக்கு அதுதான் வினை. "மூக்கால பாடற மாதிரி இருக்கு" என்றாள். கடைக்காரம்மா வேறு வயலினுக்கு மாற்றினாள். "இவ்வளவு நடுக்கம் எதுக்கு? கொஞ்சம் குறைங்க." குறைத்தாள். "இது ரொம்ப மினுக்குது. இன்னும் கொஞ்சம் மரமா, கறுப்பா வேணும்." அதையும் செய்தாள். தன்னுடைய வயலினைப் போல ஒன்று கிடைக்கிறதா என்று தேடிக்கொண்டே, கிடைத்துவிடக் கூடாது என்றும் வேண்டிக்கொண்டிருந்தாள் அவள்.

கிடைத்துவிட்டது.

உயிரும் சதையுமாக அதே குரல் என்று சொல்ல முடியாது. ஆனால் சாப்பாட்டுத் தட்டுகளின் சத்தத்துக்கு நடுவே கேட்டால் அவளே ஏமாந்துபோவாள். கிட்டார்காரர் ஒன்றும் சொல்லவில்லை. தலையை ஒரு தடவை ஆட்டிவிட்டுக் கிட்டாரைக் கழற்றினார்.

அந்தத் தலையாட்டலை அவள் பார்த்துவிட்டாள்.

"இது வேணாங்க. அந்த லேப்டாப்பே போதும்" என்றார் அவர், கொஞ்சம் அவசரமாக. "அதுதான் எங்களுக்குத் தோது. ரெண்டு பேரும் சேர்ந்து வாசிச்சே பழகிட்டோம்."

அவளுக்குப் போன உயிர் வந்தது. ஏன் என்று கேட்கக்கூட அவள் துணியவில்லை. கேட்டால் மனசு மாறிவிட்டால்?

"அம்மா, தண்ணி குடிச்சுட்டு வரலாம் வா" என்றாள் பாப்பா.

"எனக்குத் தாகமில்லையே."

"எனக்கிருக்கு. வா."

*

மாடிப்படியின் திருப்பத்தில் தண்ணீர் கேன் இருந்தது. பாப்பா தம்ளரில் தண்ணீர் பிடித்தாள், குடிக்கவில்லை. கீழே சைக்கிள் கடையில் யாரோ டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா, அந்த ஹோட்டல் மேனேஜர் நேத்து க்ளினிக்குக்கு வந்தாரு. கடவாய்ப் பல்லு."

"அவர்தான் படுத்தின பேஷன்ட்டா?"

"வாயில பஞ்சை வெச்சுட்டா பேச முடியாதுன்னு, அதுக்கு முன்னாடியே சொல்லிட்டாரு. 'உங்கப்பா பிடிவாதம் பிடிக்கறாரு டாக்டர், நீங்களாச்சும் எடுத்துச் சொல்லுங்க'ன்னு. அந்த மூலையில இனிமே ஒரு ஆளுக்குத்தான் எடமாம். ரெண்டாவது நாற்காலி இருந்த எடத்துல சாப்பாட்டு மேஜை போட்டுட்டாங்களாம்."

வாத்தியாரம்மா சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"அப்பா என்ன சொன்னாராம்?"

"வந்தா ரெண்டு பேரும் வருவோம், இல்லைன்னா ரெண்டு பேருமே வரலைன்னுட்டாராம். திங்கக்கிழமைக்குள்ள முடிவு சொல்லலைன்னா பாட்டை ஸ்பீக்கர்ல போட்டுக்கறதா இருக்காங்க. அப்பாவுக்கு இது எல்லாம் தெரியும். தெரிஞ்சுதான் லேப்டாப் வாங்கறாரு."

முதலில் வந்தது சந்தோஷம்தான், மறைத்து என்ன ஆகப்போகிறது? தனக்காக ஒரு மனுஷன் வேலையை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார் என்றால் எந்தப் பெண்ணுக்குத்தான் நெஞ்சு நிறையாது? கொஞ்ச நேரம் அந்த நிறைவிலேயே நின்றாள்.

பிறகு வீட்டில் இருக்கும் கிட்டார்காரரை நினைத்துப் பார்த்தாள். கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து கிட்டாரை எடுப்பார். பாட்டு பாதி போகும்போதே நிறுத்திவிடுவார். ஒரு நாள் கேட்டதற்கு, "பேச்சுச் சத்தம் இல்லாம, தட்டுச் சத்தம் இல்லாம வாசிச்சா எனக்கு ஒரு மாதிரி பயமா இருக்கும்மா" என்றார். கண்ணுக்குக் கீழே கறுத்துவிட்டது. சட்டை தொளதொளவென்று தொங்குகிறது. அவள் கைக்கு நரம்பு போயிற்று, அவருக்கு எது போயிற்று என்று எந்த டாக்டரும் பார்க்கவில்லை.

லேப்டாப்பை வாங்கிக்கொண்டு போனால் வீட்டில் இரண்டு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்காரலாம். வாழ்நாள் முழுக்க, இரண்டு பேருமாக.

"எங்கிட்ட எதுக்குடி சொன்ன?" என்றாள். குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை.

"வேற யாருகிட்டம்மா சொல்றது? நான் சொன்னா அப்பா கேக்கவா போறாரு? நீ சொன்னாத்தான் கேப்பாரு."

"என்னை வேணாம்னு நானே சொல்லணும். அப்படித்தானே?"

பாப்பாவின் கண்கள் நிரம்பிவிட்டன. தம்ளர் தண்ணீர் தளும்பி அவள் செருப்பின் மேல் சிந்தியது. "வலிக்காதுன்னு நான் சொல்ல மாட்டேம்மா" என்றாள்.

*

அவர்கள் திரும்பி வந்தபோது கடைக்காரம்மா பெட்டியின் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"சுத்தாதீங்க. அதைத்தான் எடுக்கறோம்" என்றாள் வாத்தியாரம்மா.

கிட்டார்காரர் மகளைப் பார்த்தார். "சொல்லிட்டியா? ஒரு நாள் வாயை மூடிட்டு இருக்கக் கூடாதா?"

"வாயைத் திறக்க வைக்கறதுதானேப்பா என் வேலை" என்றாள் பாப்பா. விளையாட்டாகச் சொல்ல நினைத்தது அழுகையாக வந்தது.

"இங்க பாரு வாத்தியாரம்மா. லேப்டாப்தான். பேசி முடிச்சாச்சு."

"அது பிந்துதுங்க."

"சாப்பிட வர்றவனுக்கு அது தெரியவா போகுது?"

"எனக்குத் தெரியுது. உங்களுக்கும் தெரிஞ்சுது. ரெண்டு தடவை பிரமாதம்னீங்க."

இத்தனை வருஷம் மாட்டிக்கொள்ளாமல் இருந்ததாக நினைத்துக்கொண்டிருந்தார் போலும்.

"நம்ம முதல் பாட்டை வாசிங்க" என்றாள் அவள். "பெட்டியில. முழுசா ஒரு தடவை. அப்பறமும் வேணாம்னா வேணாம்."

அவர் இருவருக்குமாகப் போட்ட மெட்டு அது. ஒவ்வொரு சாயங்காலமும் அதில்தான் தொடங்குவார்கள். கிட்டார் தனியாகக் கொஞ்ச தூரம் நடக்கும், பிறகு வயலின் வந்து சேர்ந்துகொள்ளும்.

வாசித்தார். நான்கு தந்திகளில் கிட்டார் கிட்டாராகவே நடந்தது. வயலின் வரவேண்டிய இடம் வந்தது. வயலின் வரவில்லை. அடியில் கிட்டார் மட்டும் போய்க்கொண்டிருந்தது.

"என்னாச்சு?" கடைக்காரம்மா குனிந்து ஒயரை அழுத்திப் பார்த்தாள். பெட்டியை அணைத்துப் போட்டாள். "லூசா இருந்திருக்கும். இன்னொரு தடவை வாசிங்க சார்."

மறுபடி வாசித்தார். அதே இடம். அதே வெறுமை. கடைக்காரம்மா நெற்றியைச் சுருக்கினாள். "சார், அந்த ரெண்டு தந்தியைத் தொட்டாத்தானே சத்தம் வரும்?"

"தொட்டேனே" என்றார் அவர். பிறகு தன் விரல்களைப் பார்த்தார். "தொடலையா நானு?"

தொடவில்லை. ஒயரிலும் கோளாறு இல்லை, பெட்டியிலும் கோளாறு இல்லை. அந்த இடம் வந்தால் அவருடைய விரல்கள் ஒதுங்கி நிற்கின்றன. புருவத்தை லேசாக உயர்த்தி, பக்கத்து நாற்காலியைப் பார்த்து, அவள் வரட்டும் என்று இடம் விடுகின்றன. அவருக்கே தெரியாமல் அவருடைய கை இன்னும் அவளுக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

இந்தக் காத்திருப்பை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம், போதும், இதை வைத்துக்கொண்டே மீதி நாளை ஓட்டிவிடலாம் என்று ஒரு கணம் வாத்தியாரம்மாவுக்குத் தோன்றியது.

"இன்னொரு தடவை" என்றாள்.

கிட்டார் நடந்தது. அந்த இடம் நெருங்கியது. அவருடைய புருவம் உயர்ந்தது.

"நான் வரலைங்க" என்றாள் அவள். "நீங்க போங்க."

அவர் முகம் சுருங்கியது. விரல் தடுமாறி, மெல்லிசுத் தந்தியைத் தொட்டது. வயலின் வந்தது. கூடவே அவருடைய கால் பெடலை மிதிக்க, அது மொட்டையாக, முரட்டுத்தனமாகக் கத்தியது.

அவளையறியாமல் அவளுடைய வலது கை எழுந்தது. காற்றில் வில்லை இழுத்துக் காட்டியது, முதலில் மெதுவாக, பிறகு அழுத்தி, முடிவில் மயிரிழையாகத் தளர்த்தி. அவர் அவள் கையைப் பார்த்துக்கொண்டே பெடலை மிதித்தார். அவள் கை போனபடி அவர் கால் போனது. ஒலி மூச்சுவிடத் தொடங்கியது. கடைக்காரம்மா ஒயரைப் பிடித்தபடி அசையாமல் நின்றாள்.

இரண்டாம் அடியில் வாத்தியாரம்மா கையைக் கீழே இறக்கினாள். மடியில் வைத்து, இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டாள். மேலே எழ முயன்ற கையை உயிருள்ள இரண்டு விரலால் அமுக்கிப் பிடித்திருந்தாள்.

அவர் பதறிப்போய் அவளைப் பார்த்தார். அவள் அசையவில்லை. கால் ஒரு நொடி தயங்கியது. பிறகு தானாக மிதித்தது, தானாகத் தளர்ந்தது. பாட்டு கடைசிவரை போனது. கிட்டாரும் வயலினும் கைகோத்துக்கொண்டு, ஒரே மனுஷனிடமிருந்து வந்தன.

கடைசிச் சுரம் அடங்கும்வரை அவர் பெடலிலிருந்து காலை எடுக்கவில்லை.

"நல்லாருக்கு" என்றாள் வாத்தியாரம்மா. ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். உண்மை என்று அவருக்குப் புரிந்தது. டாக்டர் அறையில் வராத அழுகை அப்போது வந்தது. ஊறப்போட்ட துணி எதுவும் அதைத் தடுக்கப் பக்கத்தில் இல்லை. பாப்பா ஓடிவந்து தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"பேக் பண்ணட்டுங்களா?" என்று கடைக்காரம்மா மெதுவாகக் கேட்டாள்.

கிட்டார்காரர் கிட்டாரைத் தோளிலிருந்து கழற்றாமலே, ஒயரை இழுத்துக்கொண்டே வந்து மனைவியின் முன்னால் குனிந்தார்.

"நான் அங்க உக்காந்து இதை வாசிக்கற நேரத்துல," என்று கேட்டார், "நீ எங்க இருப்ப?"

வாத்தியாரம்மா வாயைத் திறந்தாள். எல்லாவற்றையும் யோசித்துவிட்டுத்தான் படியேறி வந்திருந்தாள். இதை மட்டும் யோசிக்கவில்லை.